கூழும் வில்லையும்

தொல்காப்பியர் திணைகளுக்குரிய கருப்பொருள்களை வகுத்தபோது உணவையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். தெய்வம், விலங்கு, மரம், புள், பறை என்பவற்றை எண்ணிய அப்பெருந்தகை, மக்கள் உண்ணும் பொருளை அற்பமென்று தள்ளினாரல்லர். ஒரு நிலத்தின் மண்ணும் மழையும் வெயிலும் ஒன்றுகூடி, ஈற்றில் அந்நிலத்து மக்களின் உண்கலத்திலே வந்து சேர்கின்றன. ஆதலால் உணவைக் காட்டப் புகுந்தவன் நிலத்தையும் உடன் காட்டக் கடமைப்பட்டவனாகிறான்.

புகைப்படக் கருவியின் கண்ணாடி வில்லையைப் பற்றி எழுத வந்தவன் தொல்காப்பியத்தில் ஏன் தொடங்குகிறான் என்று வாசகர் வினவலாம். அதற்குக் காரணம் உண்டு.

எங்கள் கல்லூரியிற் பயின்று இன்று பல தேசங்களிலும் வாழும் பழைய மாணவர் சிலர், யாழ்ப்பாணத்து உணவு வகைகளைப் படங்களோடு விளக்கும் நூலொன்றை ஆக்கித் தருமாறு கேட்டனர். அவர்தம் பிள்ளைகள் தமிழ் பேசுவர். ஆயின் ஒடியல் காயோ கிழங்கோ, பனாட்டு உண்பதோ உடுப்பதோ என்று அறியார். எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. படம் எடுக்கும் பொறுப்பு, ஒருகாலத்தில் என்னிடம் நன்னூல் கேட்டவனும் இப்பொழுது அயற்பாடசாலையொன்றில் சித்திரம் கற்பிப்பவனுமாகிய இளைஞனைச் சேர்ந்தது. சமைத்துக் காட்ட முன்வந்தவர் எங்கள் ஊரில் எண்பது வயதைக் கடந்த ஒரு மூதாட்டியார். கமரா ஒன்று இருந்தது. அண்மையிலிருந்து படம் எடுத்தற்குரிய வில்லைதான் இல்லை. அனுப்பப்பட்ட பணமோ ஒரேயொரு வில்லைக்குப் போதுமானது. எதனை வாங்குவது?

ஆச்சியின் கை ஓயுமுன் இவ்வேலை முடியவேண்டும். ஆகவே ஆய்வு விரைவாகவும் பிழையின்றியும் நடத்தல் வேண்டியதாயிற்று. அந்த ஆய்விற் கண்டவற்றை ஈண்டுத் தருகின்றேன். பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் இத்தகைய முயற்சியில் இறங்குவார்க்கு அவை பயன்படக்கூடும்.

பெயரும் பிறப்பும்

இவ்வகை வில்லையை உலகத்தார் ‘மக்ரோ’ என்பர். நிக்கோன் நிறுவனத்தார் மட்டும் தம்முடையதை ‘மைக்ரோ’ என்பர். கிரேக்க மொழியில் முன்னையது நீண்டது, பெரியது என்னும் பொருளுடைய சொல்லின் வழி வந்தது. பின்னையது சிறியது என்னும் சொல்லின் வழி வந்தது. ஒரே பொருளை ஒருவர் பெரிது என்கிறார், மற்றவர் சிறிது என்கிறார். இருவர் கூற்றும் பொருந்துவனவே. பார்க்கப்படும் பொருள் சிறிது. பார்த்துப் பெற்ற காட்சி பெரிது.

தமிழில் இதற்கு ‘அணுக்க வில்லை’ என்று பெயரிட்டேன். ஆயின் ஓர் எச்சரிக்கை. தட்டச்சில் ஒரு ககர மெய் நழுவி, இரு சொற்களும் ஒட்டிக்கொண்டால் ‘அணுகவில்லை’ என்றாகிவிடும்! அண்மையைக் காட்டவந்த கருவி அண்மையை மறுப்பதாய் முடியும். எழுதுவோர் இடைவெளியை மறவாதிருப்பாராக.

முப்பத்தைந்து மில்லிமீற்றர்ப் படச்சுருளுக்குரிய கமராக்களுக்கென்று இவ்வகை வில்லை 1955ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஹைன்ஸ் கில்பிற் என்பாரின் ‘மக்ரோ கிலார்’ என்பது அதன் பெயர். அடுத்த ஆண்டாகிய 1956இல் யப்பானில் ‘மைக்ரோ நிக்கோர்’ பிறந்தது. அதன் பிறப்பு வரலாறு தமிழாசிரியர்களின் நெஞ்சைத் தொடக்கூடியது. நூல்களைச் சிறிய படச்சுருளில் ஏற்றிச் சேமிக்கும் வழக்கம் மேனாட்டில் அப்போது பரவியிருந்தது. இருபத்தாறு எழுத்துக்களைக் கொண்டு எழுதுவார்க்குப் போதுமானதாயிருந்த வில்லைகள், பல கோடுகள் நெருங்கிப் பின்னிய சீனவெழுத்துக்களை யப்பானியர் பதியப் புகுந்தபோது தோற்றன. கோடுகள் ஒன்றோடொன்று கலந்து மங்கின. அக்குறையை நீக்குதற்கே அப்புதிய வில்லை செய்யப்பட்டது. எழுத்தைக் காக்கும் பொருட்டு உண்டாகிய ஒன்று பின்னர்ப் பூவையும் பூச்சியையும் உணவையும் படமெடுக்கும் கருவியாயிற்று.

1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. படியெடுத்து வேறிடத்தில் வைத்திருந்தால் உடல் எரிந்தாலும் உயிர் எஞ்சியிருக்கும். எங்கள் கல்லூரி அலுமாரியிலும் சில ஏடுகள் இருக்கின்றன. உணவு நூலுக்கு வாங்கும் வில்லை அந்த ஏடுகளுக்கும் உதவுமாயின் ஒரு செலவில் இரு கடன் தீரும் என்பது அன்றே என் மனத்திற் பட்டது.

வேண்டுமா என்பதே முதல் வினா

கடைக்குச் செல்லுமுன் கேட்கவேண்டிய வினா, இவ்வில்லை உண்மையில் தேவையா என்பதே. இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு.

எங்கள் கமராவின் உள்ளே விம்பம் விழும் தகடு 23.5 மில்லிமீற்றர் அகலமும் 15.6 மில்லிமீற்றர் உயரமும் உடையது. பெரிய வகைக் கமராக்களில் அது 36க்கு 24 மில்லிமீற்றர் ஆகும். ஒரு பொருள் தன் உண்மை அளவிலேயே அத்தகட்டில் விழுமாயின் உருப்பெருக்கம் ஒன்றுக்கு ஒன்று என்பர். அணுக்க வில்லை என்ற பெயருக்கு முழுத் தகுதி பெற இந்த அளவை எட்டுதல் வேண்டும். சில பழைய வில்லைகள் பாதியளவே எட்டுவன.

ஒன்றுக்கு ஒன்று என்ற நிலையில் எங்கள் கமரா காண்பது 23.5 மில்லிமீற்றர் அகலம் மட்டுமே. அஃது ஓர் அங்குலத்துக்கும் குறைவு. இருபத்தைந்து சென்ரிமீற்றர் அகலமுள்ள உண்கலம் முழுவதையும் காட்டப் பத்திலொரு பங்கு உருப்பெருக்கத்துக்கும் குறைவானதே போதும். ஐம்பது மில்லிமீற்றர்ச் சாதாரண வில்லை ஒன்று, நாற்பத்தைந்து சென்ரிமீற்றர் வரை நெருங்கி, ஏறத்தாழப் பதினாறு சென்ரிமீற்றர் அகலத்தைக் காட்டவல்லது. ஆகவே சோறும் கறியும் பரிமாறிய இலையைக் காட்டுவதே நோக்கமாயின் அணுக்க வில்லை வேண்டியதில்லை. விளம்பரங்களைப் பார்த்து மயங்குவோர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

பொருள் வசதி குறைந்த பாடசாலைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. வில்லைக்கும் கமராவுக்கும் இடையில் வெற்று வளையமொன்றைச் செருகினால் வில்லை இன்னும் அண்மையிற் குவியும். ஐம்பது மில்லிமீற்றர் வில்லைக்கு இருபத்தைந்து மில்லிமீற்றர் வளையம் இட்டால் உருப்பெருக்கம் பாதியளவு கூடும். வளையத்திற் கண்ணாடி இல்லை. ஆதலால் விலையும் அதிகமில்லை. குறை என்னவெனின், வளையம் இருக்கும்வரை தொலைவிலுள்ளவை குவியா. அண்மைக்கும் சேய்மைக்கும் மாறிமாறிக் கழற்றிப் பூட்டவேண்டும், கூழ் ஆறிவிடும்.

பதம் என்னும் சொல்

இனி, எங்களுக்கு அணுக்க வில்லை ஏன் வேண்டியதாயிற்று என்பதைச் சொல்லவேண்டும்.

பதம் என்பது தமிழிலே பொருள் நிறைந்த சொல். அது சொல்லையும் குறிக்கும், சோற்றையும் குறிக்கும், பக்குவத்தையும் குறிக்கும். நூலுக்காக ஆச்சியாரிடம் செய்முறைகளைக் கேட்டெழுதியபோது இம்மூன்றும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கக் கண்டேன். மாவுக்குத் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டால் “பதம் பாத்துத் தெளிக்க வேணும்” என்பார். பாகு எவ்வளவு நேரம் காய்ச்சவேண்டும் என்றால் “பதம் வந்தாப் போலை இறக்க வேணும்” என்பார். அவர் விடையில் தவறு ஒன்றும் இல்லை. ஈரப்பதமுள்ள மாரிக்காலத்து மாவும் கோடையிற் காய்ந்த மாவும் ஒரே அளவு நீரை வாங்குவதில்லை. அளவு மாறும், பதம் மாறாது. ஆயினும் நான் எழுதும் பதம் அந்தப் பதத்தை உணர்த்த வல்லதன்று. ‘உதிரியாய்’, ‘குறுணியாய்’, ‘கம்பிப்பதமாய்’ என்று அடைகளை அடுக்கினேன். இவற்றை முன்னரே அறிந்தவனுக்குத்தான் அவை விளங்கும். அறியாதவனுக்கு அவை வெறும் ஒலிகள்.

நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிப்பிறப்பைப் பாடியபோது கூழையும் கொழுக்கட்டையையும் சிறுவர் நாவில் ஊறச் செய்தார். அப்பாட்டைப் பாடிய சிறுவர்க்குப் படம் வேண்டியிருக்கவில்லை. ஏனெனில் வீட்டில் கூழ் இருந்தது. பாட்டு இருந்தும் கூழ் இல்லாத வீடுகள் இன்று பல. அங்கே சொல் தனித்து நிற்கிறது. அதற்குத் துணையாக ஒரு காட்சி வேண்டும். ஈரம் வாங்கிய மாவின் குறுணி எத்துணைப் பருமன், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே இழுபடும் பாகின் கம்பி எத்துணை மெல்லிது, நன்கு காய்ந்த ஒடியலை முறித்தால் முறிந்த முகம் எப்படியிருக்கும் என்பவற்றைக் காட்டச் சாதாரண வில்லை போதாது. இங்கேதான் அணுக்க வில்லைக்கு வேலை வருகின்றது.

மணல்மேடு

நண்பரொருவரிடம் நூறு மில்லிமீற்றர் அணுக்க வில்லையை ஒருநாள் இரவல் பெற்றுப் பரீட்சித்தோம். இளைஞன் வீட்டில் அவன் மனைவியார் ஒடியல் மாவைக் குழைத்துப் பிட்டு அவித்தார். அவன் ஆசை தீர நெருங்கி, ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் படமெடுத்தான். கணினித் திரையிற் பார்த்தபோது வியப்பாயிருந்தது. ஒவ்வொரு குறுணியும் ஒரு பாறை, இடையிலே பள்ளத்தாக்குகள், நடுவே தேங்காய்ப்பூ பனிமலை போலக் கிடந்தது. நூலின் அட்டைப்படம் இதுவே என்று அவன் உறுதிகூறினான்.

படங்களை ஆச்சியாரிடம் கொண்டு சென்றோம். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து நெடுநேரம் உற்றுப் பார்த்தார். “உதென்ன தம்பி, மணல்மேடோ? பிட்டுப் படம் எண்டியள், பிட்டு எங்கை?” என்றார்.

இளைஞன் முகம் வாடிற்று. அடுத்த படத்தைக் காட்டினான். அது நீற்றுப்பெட்டியிலிருந்து சுளகிற் கவிழ்த்த பிட்டு. பெட்டியின் கூம்பு வடிவம் குலையாமல் ஆவியோடு இருந்தது. “ஓம், உது பிட்டு” என்று சொல்லிச் சிரித்தார்.

மூன்றாவது படம், அவிக்குமுன் மாவு இருந்த நிலையைக் காட்டுவது. உருப்பெருக்கம் நாலிலொன்று, குறுணிகளும் தெரிந்தன, அவற்றை அளையும் இரு விரல்களும் தெரிந்தன. ஆச்சியார் அப்படத்தைப் பார்த்தவுடன், “பிள்ளை இன்னும் கொஞ்சம் தண்ணி தெளிச்சிருக்க வேணும். இந்தப் பதத்திலை அவிச்சால் மா நெஞ்சிலை அடைக்கும்” என்றார். அன்று பிட்டுச் சற்று அடைக்கத்தான் செய்தது. உண்ட எங்களுக்கு அது தெரியும். அவரோ உண்ணவுமில்லை, மாவைத் தொடவுமில்லை. படத்திலிருந்தே பதத்தை வாசித்துவிட்டார்.

அந்தக் கணத்திலே எங்கள் ஆய்வின் பெரும்பகுதி முடிந்தது. எத்துணை அண்மை என்ற வினாவுக்கு விடை கிடைத்தது. கையும் விரலும் உடன் தெரியும் அண்மை வேண்டும். அதனைக் கடந்தால் பொருள் தன் இனத்தை இழந்து வெறும் உருவமாகிவிடும். அமெரிக்கராகிய எட்வேட் வெஸ்ரன் 1930ஆம் ஆண்டில் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலொன்றின் உள்ளே வைத்து எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. பார்ப்போர்க்கு அது மனித உடல் போலத் தோன்றும். அது கலையின் வெற்றி. சமைக்கக் கற்பிக்கும் நூலுக்கோ மிளகாய் மிளகாயாகவே தோன்றல் வேண்டும்.

குவியத்தூரம்

அணுக்க வில்லைகள் குவியத்தூரத்தால் வேறுபடும். நாற்பது முதல் அறுபது மில்லிமீற்றர் வரையுள்ளவை ஒருவகை. தொண்ணூறு முதல் நூற்றைந்து வரையுள்ளவை இன்னொருவகை. நூற்றைம்பதும் அதற்கு மேலுமுள்ளவை மூன்றாம் வகை. மூன்றாம் வகை பறந்தோடும் பூச்சிகளுக்கு உகந்தது. கொழுக்கட்டை பறந்தோடாதாகையால் அதனை விடுத்தோம்.

எஞ்சியவற்றை ஒப்பிட்டால், ஒரே உருப்பெருக்கத்தைப் பெறக் குறுகிய குவியத்தூரமுள்ள வில்லை பொருளை மிக நெருங்கவேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்ற நிலையில் அறுபது மில்லிமீற்றர் வில்லையின் முகத்துக்கும் பொருளுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றரே எஞ்சும். நூற்றைந்து மில்லிமீற்றர் வில்லைக்கு அது பதினைந்து சென்ரிமீற்றரளவு. விற்போர் குறிக்கும் மிகக் குறைந்த தூரம் கமராவின் தகட்டிலிருந்து அளக்கப்படுவது; வில்லையின் முகத்திலிருந்து அன்று. 18.5 சென்ரிமீற்றர் என்று எழுதியிருப்பதைக் கண்டு அவ்வளவு இடைவெளி கிடைக்கும் என்று எண்ணலாகாது.

எங்களுக்கு வேண்டிய நாலிலொன்று என்ற அளவில் நிலைமை வேறு. அறுபது மில்லிமீற்றர் வில்லைக்கு ஏறத்தாழ ஒரு சாண் இடைவெளி கிடைக்கும். நூறு மில்லிமீற்றர் வில்லைக்கு ஒரு முழத்துக்கு அண்மையாகக் கிடைக்கும். ஒரு சாண் இருந்தால் கை அசைய இடமுண்டு. கூழின் ஆவி கண்ணாடியில் படியாது. வில்லையின் நிழலும் கலத்தில் விழாது. நாற்பது மில்லிமீற்றரோ ஆவிக்கும் நிழலுக்கும் அகப்பட்டுக்கொள்ளும்.

மேலிருந்து நேர்கீழாக எடுக்கும்போது நூறு மில்லிமீற்றர் இடர்ப்படுத்தும். முப்பது சென்ரிமீற்றர் அகலத்தைக் காட்ட, எங்கள் கமராவுக்கு அறுபது மில்லிமீற்றரில் ஏறத்தாழ 83 சென்ரிமீற்றர் உயரம் வேண்டும். நூறு மில்லிமீற்றரில் 138 சென்ரிமீற்றர் வேண்டும். எழுபத்தைந்து சென்ரிமீற்றர் உயரமுள்ள மேசையில் உணவை வைத்தால், முன்னைய வில்லையைக் கண்மட்டத்தில் நிறுத்தலாம்; பின்னையதற்கு ஏணி வேண்டும். நிலத்தில் பாய்விரித்து இலைபோடும் நம் வழக்கத்தை மேற்கொண்டால் இரண்டும் இயலும். மூதாதையர் வழக்கம் இவ்வாறும் உதவுகிறது.

தோற்றத்தைப் பற்றியும் ஒரு சொல். அண்மையில் நின்று எடுத்தால் முன்பக்கம் பருத்தும் பின்பக்கம் சிறுத்தும் காணும். இதனைக் குவியத்தூரத்தின் குற்றம் என்று பலர் கூறுவர். உண்மையில் இது நிற்கும் தூரத்தின் விளைவு. குவியத்தூரம் காட்சியின் எல்லையை மாத்திரமே வரையறுக்கின்றது. கையடக்கத் தொலைபேசியின் அகன்ற வில்லையால் கலத்தை முட்டும்படி நெருங்கி எடுத்த படங்களிற் கூழ்ப்பிளா கோணிக் காணப்படுவது இதனாலேயே.

இங்ஙனம் ஆராய்ந்து, எங்கள் சிறுதகட்டுக் கமராவுக்கு அறுபது மில்லிமீற்றரே பொருந்தும் என்று முடிவு செய்தோம். பெருந்தகட்டுக் கமரா உடையோர் இதே காட்சியைப் பெறத் தொண்ணூறு முதல் நூற்றைந்து வரையுள்ளதைத் தேர்வது தகும். எல்லார்க்கும் ஒன்றே சிறந்தது என்பது வைத்தியனல்லாதான் கூறும் மருந்து.

தெளிவின் ஆழம்

வில்லை எதுவாயினும் ஒரு தளமே முற்றிலும் தெளிவாகும். அதன் முன்னும் பின்னும் சிறிது தூரம் தெளிவு போலத் தோன்றும். அந்தத் தூரம் அண்மை மிக மிகச் சுருங்கும். வில்லையின் துவாரத்தை எஃப் 8 என்ற அளவில் வைத்தால், பத்திலொன்று என்ற உருப்பெருக்கத்தில் எங்களுக்குக் கிடைக்கும் தெளிவின் ஆழம் ஏறத்தாழ மூன்றரைச் சென்ரிமீற்றர். நாலிலொன்றில் அது ஆறு மில்லிமீற்றர். ஒன்றுக்கு ஒன்றில் ஒரு மில்லிமீற்றரும் இல்லை. மணல்மேடு தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே உருப்பெருக்கத்தில் ஒரே துவாரத்தை வைத்தால் அறுபதுக்கும் நூறுக்கும் இவ்வாழத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பெரிய வில்லை வாங்கினால் இக்குறை தீரும் என்று எண்ணுவோர் ஏமாறுவர்.

துவாரத்தைச் சிறிதாக்கினால் ஆழம் கூடும். ஆயின் மிகச் சிறிதாக்கினால் ஒளியின் கோணலால் படம் முழுவதும் மழுங்கும். அன்றியும், ஒன்றுக்கு ஒன்று என்ற நிலையை அடையும்போது தகட்டிற் படும் ஒளி நாலிலொன்றாகக் குறைந்துவிடும். எஃப் 8க்கும் 11க்கும் இடையே நிற்றல் எங்களுக்கு நன்றாக உதவிற்று. குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றாக்கும் முறையும் இன்று உண்டு. ஒடியலுக்கும் பனங்கட்டிக்கும் அது தகும். ஆவி பறக்கும் கூழுக்கு ஆகாது. முதற்படத்து ஆவி இரண்டாம் படத்துக்குக் காத்திராது.

கைநடுக்கத்தைத் தணிக்கும் பொறியமைந்த அணுக்க வில்லையை நிக்கோன் 2006ஆம் ஆண்டிலும் கனன் 2009ஆம் ஆண்டிலும் வெளியிட்டன. கையிற் பிடித்துப் பூவைத் தேடி அலைவார்க்கு அது பேருதவி. அடுப்பங்கரையில் முக்காலியில் கமராவை நிறுத்துவார்க்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. அப்பொறி இல்லாத வில்லையை வாங்கியதால் மிஞ்சிய பணத்தில் உறுதியான முக்காலியொன்று கிடைத்தது. ஒளிக்குச் செலவு எதுவும் இல்லை. வாயிலின் பக்கத்தில் கலத்தை வைத்து, வெயில் நேரே படாமல் மெல்லிய வெள்ளை வேட்டியொன்றைத் தொங்கவிட்டோம். எதிர்ப்பக்கத்தில் வெள்ளை மட்டையொன்றை நிறுத்தி நிழலை இளக்கினோம்.

மெய்யும் பொய்யும்

இக்காலத்து உணவுப் படங்களிற் பெருவழக்காயுள்ள ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் விடுதற்கில்லை. துவாரத்தை முழுதும் திறந்து, ஒரு கடலைப் பருப்பின் நுனியை மாத்திரம் தெளிவாக்கி, ஏனையவற்றையெல்லாம் புகையாய்க் கரைத்துவிடுவர். பார்வைக்கு இனிமையாயிருக்கும். ஆனால் சுளகும் பிளாவும் அடுப்பும் அந்தப் புகையிலே மறைந்துவிடுகின்றன. பனையோலையாற் கோலிய பிளாவிலே கூழ் இருந்தால்தான் அது எந்த நிலத்துக் கூழ் என்பது தெரியும். நிலத்தை நீக்கிய கருப்பொருள் அநாதை. தொல்காப்பியத்திலே நான் தொடங்கியதன் காரணத்தை இப்போது வாசகர் உணர்ந்திருப்பர்.

இன்னும் ஒரு பொய் உண்டு. விளம்பரப் படங்களிற் பாலுக்குப் பதிலாக வெள்ளைப் பசையை ஊற்றுவதும், உணவின்மேல் எண்ணெய் பூசி மினுக்குவதும் அத்தொழிலார் அறிந்த உபாயங்கள். அமெரிக்காவில் கம்பெல் நிறுவனத்தின் சூப்பு விளம்பரம் ஒன்றில், கிண்ணத்தின் அடியிற் கண்ணாடிக் கோலிக்குண்டுகளை இட்டுக் காய்கறித் துண்டுகளை மேலே எழச் செய்திருந்தனர். சூப்பில் அத்துண்டுகள் நிறைய இருப்பது போலத் தோன்றிற்று. அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு அதனை எடுத்து விசாரித்து, 1970ஆம் ஆண்டில் அத்தகைய காட்சியைத் தடுக்கும் கட்டளை பிறப்பித்தது. அவ்வில்லையில் ஒரு குறையும் இல்லை. அது தன்முன் இருந்ததை உள்ளபடியே காட்டிற்று. கிண்ணத்துள் இருந்ததே பொய்.

எங்கள் கூழிலும் இறாலும் நண்டும் பலாக்கொட்டையும் அடியில் தங்கிவிடுகின்றன. அவற்றை மேலே கொணர்தற்கு என்ன செய்யலாம் என்று இளைஞன் ஆச்சியாரைக் கேட்டான். “அகப்பையாலை அள்ளிக் காட்டன் தம்பி” என்றார். அள்ளிய அகப்பையே அப்பக்கத்துக்குப் படமாயிற்று. அழகிலும் அது குறைந்ததில்லை.

முடிபு

வில்லை தேர்வார் மூன்றை முறையே எண்ணுக. எவ்வளவு சிறிய பொருளைக் காட்டவேண்டும் என்பது ஒன்று. எந்த இடத்தில், எவ்வளவு தூரத்தில் நின்று எடுக்க முடியும் என்பது ஒன்று. கையிலுள்ள கமராவின் தகடு எத்துணைப் பெரியது என்பது ஒன்று. இம்மூன்றுக்கும் விடை கண்டபின் குவியத்தூரம் தானே வந்து வாய்க்கும். விலையும் பெயரும் அதற்குப் பிறகு பார்க்கத்தக்கவை.

நாங்கள் வாங்கிய வில்லை இதுவரை உணவுகள் பலவற்றின் முழுத் தோற்றத்தையும் பதத்தையும் பதிந்து தந்திருக்கிறது. நூலில் ஒவ்வோர் உணவுக்கும் இரு படங்கள் வரும். ஒன்று கலமும் இலையும் சூழ்ந்த படம். மற்றது பதத்தைக் காட்டும் அண்மைப் படம். செய்முறையை எழுதிய என் வாக்கியங்கள் இவற்றின் இடையே சிறிதாக அமைந்துள்ளன. அளவு சொல்ல முடியாத இடங்களிலெல்லாம் என் அடைமொழிகளை வெட்டிவிட்டுப் படத்தைப் பார்க்க என்று எழுதியிருக்கிறேன். பண்டிதன் ஒருவன் தன் அடைமொழிகளைத் தானே வெட்டுவது எளிதன்று என்பதைத் தமிழாசிரியர்கள் அறிவார்கள்.

உணவுப் படம் எடுக்காத நாட்களில் அதே வில்லை கல்லூரி மேசையில் ஏட்டுக்கு நேர்மேலே நிற்கின்றது. தட்டையான பரப்பை ஓரம் வரை வளைவின்றிக் காட்டுதல் இவ்வகை வில்லைகளின் சிறப்பியல்பு. புள்ளியிடாத மெய்களும், ஒற்றைக்கொம்பில் வேறுபாடில்லாத எகர ஏகாரங்களும், செல்லரித்த துளைகளும் திரையிலே தெளிந்து தோன்றுகின்றன. எழுத்தைக் காக்கப் பிறந்தது, ஊணையும் காத்துவிட்டு மீண்டும் எழுத்திடம் வந்திருக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் ஒரு மூதாட்டியார் இருக்கிறார். ஒவ்வொரு பாடசாலை அலுமாரியிலும் கட்டவிழ்க்காத ஏதோ ஒரு கட்டு இருக்கிறது. இரண்டும் நெடுநாட் காத்திருப்பனவல்ல.